பெட்டிக்குள் போன குரல்

உக்காருங்க ஏட்டய்யா. டீ போட்டுகினு இருக்கேன், குடிச்சிட்டே பேசலாம். கஜபதி பாவா அதுக்குள்ள எங்கயும் போயிட மாட்டார்.

ஆங், டேப்புல நீங்க கேட்ட அந்தக் குரல் என்னுதுதான். பின்னல் கோலாட்டத்துக்குத் திருத்தணியில நான்தான் குரல் கொடுக்கறது. மேல ஒரு வளையத்துல இருந்து கலர் கலரா கயிறு தொங்கும். பொம்பளைங்க ஒரு கையில கயிறு, ஒரு கையில கோல் புடிச்சிகினு சுத்துவாங்க. 'உள்ளே போ', 'வெளியே வா', 'ஜோடி மாத்து'ன்னு நான் சொல்லச் சொல்ல ஜடை விழும். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்த பாட்டுக்கு இழுத்துகினு போவணும், ஆட்டம் நிக்கக் கூடாது. அதனால தாளத்துக்கு ஒரு தட்டு முன்னாடியே சொல்லணும். ஆடறவங்க யோசிக்க மாட்டாங்க. காதுல விழுந்தா கால் போயிடும். அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்.

பாவா எங்க அக்கா ஊட்டுக்காரர். நல்ல மனுஷன். கோஷ்டிக்குத் தலைவர்னு அவரே சொல்லிக்குவார். ஆட்டம் நடக்கறப்ப நட்டநடுவுல நின்னு கைதட்டுவார். போட்டோவுல அவர்தான் பெருசா தெரிவார். போன மாசம் மெட்ராஸ்ல இருந்து டேப்ரிகார்டர் வாங்கியாந்தார்.

"மனோரமா, மொத்த ஆட்டத்தையும் இதுல சொல்லிடு. அரக்கோணம் போட்டிக்கு உன் குரல் வந்தா போதும். உனக்கு எதுக்கு அலைச்சல்? ஊட்ல தறியைப் பாத்துக்கோ"ன்னார்.

நான் தப்பா எடுத்துக்கலைங்க. சாமி கும்பிட்டுட்டு, பெட்டி எதிர்ல உக்காந்து பொறுமையா சொன்னேன். மொதல் ரெண்டு பாட்டு எப்பவும் போல. அடுத்த பாட்டுல, பாவா நடுவுல வந்து நிக்கற நேரம் பாத்து, 'கயித்தைத் தாழ்த்திப் புடி'ன்னேன். அப்புறம் 'முட்டி ஒசரம்', 'இடுப்பு ஒசரம்', 'தோள் ஒசரம்'. ஜோடி மாத்தி மாத்திச் சுத்தினா நல்லா இறுகும்.

இன்னிக்கு சாயங்காலம் சத்திரத்துல ஒத்திகை. நான் இங்க தறியில இருந்தேன், அக்கம்பக்கத்துல கேளுங்க. ஆடிகினு இருந்த அம்சாதான் ஓடியாந்தா.

"அக்கா, பாவாவைச் சேத்துப் பின்னிட்டோம். நிறுத்துங்கடின்னு கத்தினாரு. பெட்டி 'சுத்து, சுத்து'ன்னுச்சு. இப்ப அவரு கத்தலை."

பெட்டி சொன்னதைத்தானே அவங்க கேட்டாங்க. அவங்க மேல கேஸ் எழுதாதீங்க. கத்தரிக்கோல் எடுத்தாந்தவனைக் கோலை ஓங்கித் துரத்தினாங்களாமே, அதுவும் நியாயம்தான். நாளைக்குப் போட்டிக்குக் கயிறு வேணுமில்ல.

பிரிக்கலாங்க. போன வழியிலயே திரும்பி ஆடினா தானா பிரிஞ்சிடும். அதுக்கும் குரல் வேணும். அதை மட்டும் பெட்டியில சொல்லலை. மறந்துட்டேன்னு எழுதிக்கோங்க. இல்ல, வேணாம், முருகன் ஊர்ல பொய் எதுக்கு. வேணும்னுதான் சொல்லலை.

வர்றேங்க. பாவா எல்லார் எதிர்லயும், 'மனோரமா, நீயே வந்து குரல் குடு'ன்னு ஒரு வார்த்தை மைக்குல சொல்லட்டும், வந்துடறேன்.

வாயையும் சேத்துக் கட்டியிருக்குதா? நான் தோளோட நிறுத்திட்டேனேங்க. அதுக்கு மேல அவங்களாவே போயிருக்காங்க.

பாவா மேல எனக்குக் கோபமே கிடையாது. மூச்சு முட்டுதாம்னு அம்சா அழுதப்பகூட, ஜோடி மாத்தறப்ப எவளாவது தாளம் தப்பினாளான்னு நிதானமாத்தான் கேட்டேன்.