கம்பி நின்ற இடம்

மேலே எழுதப்பட்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தொன்று. என் அண்ணனின் படகுப் பட்டறையில் இன்ஜின் மெக்கானிக்காக வேலை செய்கிறேன். பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று இதை எழுதுகிற காவலர் கேட்டார். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றேன்.

விபத்துக்குள்ளான உல்லாசப் படகின் இன்ஜின், உள்ளே பின்சுவரை ஒட்டி இருக்கும். விசிறியைச் சுழற்றும் டிரைவ் அதே சுவருக்கு வெளியே தொங்கும். டிரைவின் தண்டு சுவரைத் தாண்டி உள்ளே வந்து இன்ஜினின் கப்ளிங்கில், அதாவது உட்புறம் பல் வெட்டிய குழலில், பல்லோடு பல் பொருந்த வேண்டும். பழுது பார்த்து இன்ஜினை இறக்கிய பிறகு, டிரைவை மாட்டும் முன், அந்த வழியாக ஒரு நேர்க்கம்பியை விட்டுப் பார்ப்போம். இரண்டு விரலால் தள்ளினால் போய்விட வேண்டும். விபத்து நடந்த அன்று கம்பி கப்ளிங் வாயிலேயே நின்றுவிட்டது. வெளியே இழுத்துப் பார்த்ததில், கம்பியில் தடவியிருந்த கிரீஸ் ஒரு பக்கம் மட்டும் வழிக்கப்பட்டிருந்தது. இன்ஜின் நேராக உட்காரவில்லை, அதன் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி மறுபடி பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன்.

படகு முதலாளி மனைவியோடு கரையில் வந்து நின்றார். ஆள் நிற்கும்போது அண்ணனுக்குக் கையும் ஓடாது, பொறுமையும் இருக்காது. "டிரைவை மாட்டி நட்டை இறுக்கு, தானா உள்ளே போயிடும்" என்றார். மாட்டேன் என்றேன். அவரே ஸ்பேனரைப் பிடுங்கி, சுற்றிலும் உள்ள நட்டுகளை இறுக்கி இறுக்கி டிரைவை இழுத்து உட்கார வைத்தார். கம்பி போகவில்லை என்று முதலாளியிடமே சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். படகைத் தண்ணீரில் இறக்கியதும் படகோட்டி கியர் போட்டுப் பார்த்துவிட்டு, கடகடவென்று சத்தம் வருகிறதே என்று கேட்டார். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று அண்ணன் அவர் தோளில் தட்டினார்.

முதலாளியையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு படகு புறப்பட்டது. அதன் பிறகு நடந்ததைக் கரையிலிருந்து பார்த்தேன். துறைமுக வாயிலில் இன்ஜின் அலறியது, படகு நகரவில்லை. படகோட்டி எழுந்து நின்று கையை ஆட்டினார். அலை படகைத் தடுப்புச்சுவர்க் கற்களில் கொண்டுபோய் மோதியது. முதலாளியின் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. படகோட்டி குடித்திருந்ததாகப் புகார் என்று அறிகிறேன். புறப்படும் முன் அவர் என் பக்கத்தில் நின்றுதான் பேசினார். குடிக்கவில்லை.

அதன் பிறகு படகைக் கரையேற்றி, டிரைவையும் இன்ஜினையும் கழற்றினேன். கப்ளிங் பொக்கைவாய்போல் பல்லில்லாமல் வழவழவென்று இருந்தது. அதைப் பழைய இரும்போடு போடச் சொன்னார் அண்ணன். "கம்பி வழுக்கிட்டு உள்ளே போச்சுன்னு மட்டும் சொல்லு. படகோட்டி வேற எங்கயாவது ஓட்டிப் பொழைச்சுக்குவான். பட்டறை போச்சுன்னா நாம என்ன பண்றது?" என்றார். பட்டறையை நம்பித்தான் எங்கள் இரண்டு குடும்பமும் இருக்கின்றன. ஆனால் படகோட்டி இந்தக் காவல் நிலையத்தின் பின்னறையில் அடைபட்டிருக்கிறார். நான் உள்ளே வரும்போது அவர் எனக்கு வணக்கம் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கப்ளிங்கை மேசைமேல் வைத்திருக்கிறேன். வரும் வழியில், பையில் என்ன என்று அண்ணன் கேட்டார். சாப்பாடு என்றேன். இன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அண்ணனுக்கும் எனக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்கப்பட்டது. கிடையாது. மேலே உள்ளவை நான் கண்ணால் கண்டவை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கின்றன. அண்ணன் வாசலில் வண்டியோடு காத்திருக்கிறார். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அவரிடம் யாராவது சொல்லிவிடவும்.

(கையொப்பம்)