பொட்டலத்தின் மேல் எழுதிய முகவரி

மேடையின் நடுவே வீற்றிருந்து, இந்தப் படிப்பகத்தைப் பதினோரு ஆண்டுகளாகத் தம் தோளில் சுமந்து வரும் தலைவர் பழனிச்சாமி ஐயா அவர்களே! நான் எங்கே பிழை விடுவேன் என்று பேனாவைத் திறந்து காத்திருக்கும் ஆசிரியை சந்தனமேரி அம்மா அவர்களே! அன்னவாசலிலிருந்தும் நார்த்தாமலையிலிருந்தும் டவுன் பஸ்ஸில் இடிபட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், லாரி பார்சல் ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாகச் சீட்டு ஒட்டும் ஐயனாரின் பணிவான வணக்கம்!

என் படிப்பைப் பற்றிக் கேட்பீர்கள். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவன் நான். முதல் முறை எனக்குத் திருப்தியில்லை. இரண்டாம் முறை திருத்தியவருக்குத் திருப்தியில்லை. சிரியுங்கள், சிரியுங்கள்! அப்படிப்பட்ட என்னை மேடையேற்றியது எது? திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் பிரகதீஸ்வரி எழுதிய சின்னஞ்சிறு புரோகிராம்!

அது என்ன செய்யும்? நாம் அனுப்பும் படமும் பாட்டும் கம்பிக்குள் முழுசாகவா போகின்றன? இல்லை! பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்து போகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு முகவரிச் சீட்டு. யாருக்கு? முதல் ஆறு பைட். யாரிடமிருந்து? அடுத்த ஆறு பைட். உள்ளே எந்த வகைச் சரக்கு? கடைசி இரண்டு பைட். பதினான்கு! பதினான்கே பதினான்கு! என் மகளின் புரோகிராம் ஓடுகிற பொட்டலத்தைப் பிடிக்கும். உள்ளே பிரிக்காமல் மேற்சீட்டை மட்டும் படிக்கும். மனிதர் படிக்கிற மாதிரி, ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்தாக, வரிவரியாக அச்சடிக்கும்.

முதலில் அதைப் பார்த்து நான் கேலி செய்தேன். "என்னம்மா இது, லாரி நம்பரும் ஜாதகக் கட்டமும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு?"

"அப்பா, நீங்க ஆபீஸ்ல ஒட்டுற சீட்டுதான்ப்பா இது. ஒங்களுது கோந்து, என்னுது கம்பி. அம்புட்டுதான்."

இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பொறியியலோடு சேர்த்துப் பேசியது அவள் ஒருத்திதான்!

சென்ற வாரத்துக்கு முந்தைய வாரம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் திங்கள்கிழமை கடைசி நாள். வியாழனன்று நம் படிப்பகத்தின் ஆறு கம்ப்யூட்டரில் நான்கு, இன்டர்நெட் இல்லாமல் நின்றுவிட்டன. வரிசையில் நின்ற பிள்ளைகள் கலங்கினார்கள். பழி யார் மேல் விழுந்தது? கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஷர்லியம்மா மேல்! இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்த ஒரு வேலையை நம்பி வாழ்கிற பெண் மேல்!

செயலாளர் சரவணக்குமார் அன்று சொன்னார்... தம்பி, முறைக்காதீர்கள், நீங்கள் சொன்னதுதான்: "இந்தம்மா எதையோ நோண்டிருச்சு. வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்."

"அண்ணே, நான் எதையும் தொடலண்ணே. கர்த்தர் சாட்சி."

சனிக்கிழமை காலை என் மகள் விடுமுறைக்கு வந்தாள். ஷர்லியம்மாவின் கம்ப்யூட்டரிலேயே தன் புரோகிராமை ஓட்டி, பொட்டலங்களைப் பிடித்து, தாளில் அச்சடித்தாள். 'அனுப்புநர்' என்ற இடத்தில், வரிக்கு வரி, ஷர்லியம்மாவின் கம்ப்யூட்டர் முகவரி!

"பாத்தீங்களா? நான் சொல்லல? இவங்க மெஷின்தான் எல்லாத்தையும் கெடுக்குது!" என்றார் செயலாளர். ஷர்லியம்மா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

அந்தத் தாளை நான் வாங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தெரிந்தவனாகவா? பார்சல்காரனாக! ஒரு வரியில், அனுப்புநர் என்ற இடத்தில் எஃப் எஃப் எஃப் என்று பன்னிரண்டு எஃப். அப்படிப் போட்டால் 'எல்லோரும்' என்று பொருள், முன்பே சொல்லியிருந்தாள்.

"பிரகதி, எல்லாருக்கும்னு ஒரு பார்சல் போகலாம். எல்லாரும் சேந்து ஒரு பார்சல அனுப்புவாங்களாம்மா?"

அவள் தாளைப் பிடுங்கினாள். "அப்பா... மாத்திப் படிச்சிருக்கேன். போற எடம்தான் மொதல்ல வரும். நான் அத அனுப்புநர்னு அச்சடிச்சிட்டேன்."

என் பெருமை அவள் கண்டுபிடித்ததில் மட்டும் இல்லை, ஐயா! தவறு தெரிந்த அந்தக் கணத்தில் அவள் என்ன செய்தாள்? திரையை மூடினாளா? தாளைக் கிழித்தாளா? இல்லை! எட்டுப் பேர் முன்னால் நின்று, "தப்பு என் புரோகிராம்ல. ஷர்லி அக்கா மெஷின் எதையும் அனுப்பல, அதுக்கு வந்ததுதான் இதெல்லாம்" என்றாள்! இரண்டே வரியைத் திருத்தினாள், மறுபடி அச்சடித்தாள்.

இப்போது அனுப்புநர் இடத்தில் யாருக்கும் தெரியாத ஒரு முகவரி. அதன் முதல் பாதி, கருவியைச் செய்த கம்பெனி எது என்று சொல்லுமாம். "இது ரவுட்டர் கம்பெனி, நெட்டப் பிரிச்சு விடுற பொட்டி செய்யுறவங்க. 'வெளிய போற வழி நான்தான், எங்கிட்ட வாங்க'ன்னு எல்லா மெஷினையும் கூப்புடுது. நம்பிப் போனா முட்டுச்சந்து. இந்தக் கட்டடத்துல இன்னொரு ரவுட்டர் இருக்கு!" தாளோடு கிளம்பினாள். அங்கிட்டும் இங்கிட்டும் ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்தாள். பழைய வார இதழ் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். தலையில் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. கவிழ்த்தாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு எழுத்தும் பொருந்தின!

"யாரு வச்சது இத?" என்றார் தலைவர் ஐயா.

"யாராச்சும் வச்சிருப்பாங்க" என்றார் ஒருவர். கூட்டத்தில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா, யார் சொன்னது என்று? இருக்கட்டும், அதற்கு வருகிறேன்.

பெட்டியைப் பிடுங்கியதும் நின்றுபோன நான்கு கம்ப்யூட்டரும் உயிர் பெற்றன. விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெருமையைப் பேசத்தான் இன்று என்னை மேடைக்கு அழைத்தீர்கள். ஆனால் ஷர்லியம்மா? யாரோ வெளியாளை அறைக்குள் விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினோம். இந்தக் கூட்டத்தின் முடிவில் புது ஆளின் பெயரை அறிவிப்பதாக நோட்டீஸில் அச்சாகியிருக்கிறது.

அன்று ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, பாதி வழியில், என் மகள் சொன்னாள்: "அது நம்ம வீட்டுப் பொட்டிப்பா."

வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. "அங்கனயே சொல்ல வேண்டியதுதானம்மா?"

"நான் சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். நீங்களே சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மைக்கு ஒங்க கையிலதான இருக்கும்?"

தாய்மார்களே! பெரியோர்களே! அந்தப் பெட்டியை வைத்தவன் நான்! "யாராச்சும்" என்று சொன்னவனும் நான்! வீட்டில் புது இணைப்பு வந்து பழையது சும்மா கிடந்தது. வாசலில் அமரும் பிள்ளைகளுக்குச் சிக்னல் கிடைக்கட்டும் என்று புதன்கிழமை கொண்டுவந்து, காலியாயிருந்த துளையில் ஒயரைச் சொருகினேன். ஷர்லியம்மா அப்போது முன்னறையில் ஓர் அம்மாவுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை! அவர் யாரையும் உள்ளே விட்டாரா? விடவில்லை! தானம் செய்கிறோம் என்ற தலைக்கனம். பிறகு தலைகுனிவுக்குப் பயம். இருபது வயதுப் பெண் ஒரு நிமிடத்தில் ஒத்துக்கொண்டாள். அவளைப் பெற்றவனுக்கு எட்டு நாள் பிடித்தது!

விசில் வேண்டாம் தம்பி, இது அதற்கான இடம் இல்லை.

ஷர்லியம்மா, மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறேன்: என்னை மன்னித்துவிடுங்கள். தலைவர் ஐயா, அந்த அறிவிப்பு வேண்டாம். யாரையாவது நீக்கத்தான் வேண்டும் என்றால், உறுப்பினர் ஐயனாரை நீக்குங்கள்.

இதோ, ஐயா துண்டுச் சீட்டு அனுப்புகிறார். நேரமாகிவிட்டது என்றுதான் இருக்கும்... கண்ணாடி எங்கே... இல்லை! படிக்கிறேன்: "நாளை காலை ஷர்லி வழக்கம்போல் வரவும். ஐயனாரும் வரவும், அவர் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே உட்காரவும்."

கைதட்டுங்கள், இப்போது தட்டலாம்! ஷர்லியம்மா எழுந்து நிற்கட்டும், அவருக்குத் தட்டுங்கள்! தீர்ப்புச் சொன்ன தலைவருக்கும், இவ்வளவையும் கேட்டும் கல்லெறியாத உங்களுக்கும், மேடைக்குக் கீழே தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருக்கும் என் மகளுக்கும் நன்றி கூறி, வெளியே உட்காரப் போகிறேன். வணக்கம்!