நெய்த பியானோ

"மச்சான், நீ நெய்த பியானோ பிழைடா" என்று முன் சீட்டில் ஒரு குரல் கேட்டதும் பேப்பரை மடித்துவிட்டேன்.

மட்டக்களப்பு பஸ் மருதமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. பேசியவன் கலாசாலையில் சங்கீதம் படிக்கிறவன். பியானோ இல்லாத வீட்டில் பழகட்டும் என்று, அவன் பக்கத்தில் இருந்த நெசவுக்காரன் பியானோக் கட்டைகளைப் போலக் கோடு போட்டு நெய்து கொடுத்த துணி இருவர் மடியிலும் விரிந்து கிடந்தது.

"என்ன பிழை? ஒரு நூல் விலகியிரிக்கா பாரு."

"அதுதான் பிழை. எல்லா வெள்ளைக்கும் நடுவுல கறுப்பு வெச்சிரிக்காய். இண்டைக்குச் சோதினையில பிரிஜியன் எண்ட மேல்நாட்டுச் சுர வரிசை வாசிக்கணும். மியில தொடங்கி அடுத்த மி வரைக்கும் வெள்ளைக் கட்டைதான். மிக்கும் ஃபாவுக்கும் நடுவுலயும், சிக்கும் டோவுக்கும் நடுவுலயும் கறுப்பே இல்ல. மியும் ஃபாவும் ஒட்டி நிக்கிறதுலதான் அதுட அழகே இரிக்கி."

"கோடு விட்டுப்போனா அது கழிவுச் சாரன்டா, ஒருத்தனும் உடுக்கமாட்டான். வாப்பா என்னைத் தறியில இருந்தே எழுப்பிப் போடுவார்."

"அந்தக் கழிவுதான் எனக்கு வேணும்."

நெசவுக்காரன் துணியை இழுத்துத் தன் மடியில் போட்டான். பிறகு கூட்டாளியின் பையிலிருந்து சோக்குக்கட்டியை எடுத்து, அந்த ரெண்டு கறுப்புக் கோடுகளையும் வெள்ளையாகத் தேய்த்தான்.

"இந்தா, வாசி. வாப்பாட்ட மட்டும் காட்டிராத."