மூன்றாம் நம்பர் பிரெஸ்ஸின் வீடியோ

எனக்குக் குப்பை என்றால் குமட்டும். வீட்டில் துணி மடிக்க மாட்டேன், அது வேறு விஷயம். கம்ப்யூட்டரில் குப்பை ஆகாது.

போச்சம்பள்ளியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வெங்கட், எல்லோருக்கும் ‘கம்ப்யூட்டர் சார்’. டிஸ்க் நிரம்பினால் பில் அடிக்காது, லாரி கேட்டைத் தாண்டாது. அப்போது ஃபோல்டர்களை அளவு வாரியாக அடுக்கினால் எது இடத்தைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். ஒருமுறை ஸ்டோர் கங்கப்பன் மகளின் காதுகுத்து வீடியோ மூன்று இடத்தில் கிடந்தது. “பாப்பாவுக்கு ரெண்டு காதுதானேண்ணா, மூணாவது யாருக்கு?” என்றேன். சிரித்துக்கொண்டே அழிக்கச் சொன்னார்.

ஆவணியில் இடத்தைத் தின்றது இரும்புத் தகடு வெட்டும் மூன்றாம் நம்பர் பிரெஸ். உள்ளே கை தெரிந்தால் அதை நிறுத்த ஒரு கேமரா உண்டு. நிறுத்தும்போதெல்லாம் ஒரு வீடியோவைச் சேமித்துவைக்கும். புது டிஸ்க் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. வரும்வரைதானே என்று, திங்கட்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கேமராவை அணைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பிரெஸ்ஸில் நின்ற மாதேஸ்வரி அக்கா, “என்னா சாரு, மெசினுக்குக் கண் டெஸ்டா?” என்றார். “கண்ணாடி போடணுமாம்க்கா.” என் ஜோக்குக்கு அவர் ஒருவர்தான் தவறாமல் சிரிப்பார்.

வியாழக்கிழமை அவருடைய வலது கையில் நான்கு விரல்கள் போயின.

ஆம்புலன்ஸ் போனதும் கேமராவை மறுபடி போட்டுவிட்டேன். டார்கெட் முடிய வேண்டுமென்று எங்கள் பெண்கள் லென்சில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுவதுண்டு, பிரெஸ் நிற்காது. மேனேஜர் மூர்த்தி, “கேமரா ஏன் நிறுத்தல?” என்று கேட்டார். “பொட்டு ஒட்டியிருப்பாங்க சார்” என்றேன்.

சேஃப்டி சுசித்ரா மட்டும் ஒப்பவில்லை. “அவங்க குங்குமந்தான் சார் வெப்பாங்க. ஸ்டிக்கரே தொட மாட்டாங்க.” கூரையில் இருக்கும் கேமராவிலிருந்து அந்த வாரப் பதிவு முழுவதையும் எடுத்து, விசாரணையில் போட்டுக் காட்டச் சர்வரில் வைத்தார்.

விசாரணைக்கு முந்தின நாள் டிஸ்க் சிவப்பு காட்டியது. அடுக்கினேன். உச்சியில் ‘மாதேஸ்வரி’, இருநூற்றுப் பத்து ஜி.பி. திறந்தேன். திங்கட்கிழமை, பத்து இருபது. ஸ்டூல் மேல் நான், கீழே வாய்விட்டுச் சிரிக்கும் அக்கா. கை தூக்கினால் சட்டைக்குக் கீழே என் தொப்பை அவ்வளவு அசிங்கமாகப் பிதுங்கும் என்று அன்றுதான் தெரிந்தது. குமட்டியது. அழித்தேன்.

சுசித்ராவிடம், “டிஸ்க் நிரம்பினா பெருசா இருக்கறது தானா போயிடும் மேடம்” என்றேன். கூரைக் கேமராவும் அதற்குள் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிட்டிருந்தது. தப்பு அக்காவுடையது என்று வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கல்லாவியில் அக்கா வீட்டுக்குப் போனேன். இடது கையால் வைத்த குங்குமம் கோணியிருந்தது.

“நான் ஒட்டல சாரு. மேடம் எடுத்து வெச்ச படத்துல தெரியும். எப்படியாச்சும் தேடிக் குடு சாரு.”

“தேடறேங்க்கா.”

சுளை சுளையாக உரித்து நானே ஊட்டினேன். எனக்கு இளகின மனசு.

இப்போது வாராவாரம் போகிறேன். ஒவ்வொரு முறையும் கேட்கிறார், ஒவ்வொரு முறையும் தேடுவதாகச் சொல்கிறேன். பாவம், ஆறுதல் சொல்ல என்னைவிட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்.