வேதக்கார மனிசியின் சிரிப்பு

வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்குப் போன பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

“அந்த வேதக்கார மனிசி எந்த நேரமும் சந்தோசமா இருக்கிறா. அதுதான் எனக்குச் சந்தேகம்.”

“உங்கட மாமிக்குக் கால்புண் கழுவ வாறவாவோ?”

“ஓம். ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டா. மாமியை வேதத்துக்கு மாத்தப் பாக்கிறாவோ எண்டு நேற்று கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டனான்.”

“செபம் சொல்லிக் குடுத்தவாவோ?”

“இல்லை. மாமிதான் ‘உனக்கு அருவருப்பில்லையோ பிள்ளை?’ எண்டு கேட்டவா. ‘யேசுவின்ர காலைக் கழுவிற மாதிரி இருக்கம்மா. வீட்டை போனாலும் அந்தச் சந்தோசம் போகாது’ எண்டவா.”

“பாத்தியளே, யேசுவைக் கொண்டுவந்திட்டா! பிறகு?”

“பிறகு மாமி சிரிச்சவா. யாழ்ப்பாணத்தை விட்டு இஞ்ச குடியேறின நாளிலயிருந்து அவா சிரிச்சு நான் காணேல்லை.”



“அப்ப, இனி வரவேண்டாமெண்டு சொல்லப்போறியளோ?”

“இல்லை. நாளைக்குத் தண்ணி ஊத்திக் குடுக்கிற சாட்டில நானும் பக்கத்தில நிண்டு பாக்கப்போறன்.”