நாலாவது இடம்

எனக்கு ஐஸில் நிற்கத் தெரியாது. ஒருமுறை பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போனபோது முழு நேரமும் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டு வந்தவள் நான். ஆனால் ஃபிகர் ஸ்கேற்றிங்கில் யார் மெடல் எடுப்பார்கள் என்று சொல்லத் தெரியும். அதற்கு ஐஸ் தேவையில்லை, அண்ணை. கணக்குப் போதும்.

பொலிசில் உங்களைப் போலத் தமிழ் ஆள் ஒருவர் இருப்பது வசதிதான். தமிழிலேயே சொல்கிறேன். என் பெயர் துவாரகா. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் எடுத்தவள். புள்ளிவிபரவியல். அந்தப் பட்டத்தோடு இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிறேன். முந்தி இதைச் சொல்லும்போது கோபம் வரும். இப்போது அலுப்புத்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வானொலி ஒன்றில் றிச்சர்ட் அண்ணை விளையாட்டு நிகழ்ச்சி நடத்துகிறார். போன பருவம் முழுக்க நான் அதில் சொன்ன மெடல்கள் ஒன்றும் பிழையாகப் போகவில்லை. யார் எந்தத் தாவலில் விழுவார்கள், எந்த நடுவர் புள்ளி போடுவதில் கஞ்சன் என்று எல்லாம் போட்டுப் பார்த்துத்தான் சொல்வேன். நேயர்கள் என்னை ஐஸ் சாத்திரி என்றார்கள். மகனுக்கு எப்போது கலியாணம் சரிவரும் என்று கேட்டு ஒரு அன்ரி ஃபோன் எடுத்தார். பகிடிதான். என்றாலும் நான் படித்தது யாருக்காவது பயன்பட்ட ஒரே இடம் அது.

இந்த ஒக்ரோபரில் சர்வதேசப் போட்டி ரொறன்ரோவிலேயே நடந்தது. எங்கள் சுபாங்கியும் ஆடினாள். அம்மாவின் தங்கச்சி யோகமலர்ச் சின்னம்மாவின் மகள்; எனக்குத் தங்கச்சி முறை. பதினெட்டு வயது. எங்கள் ஆட்கள் இருக்கும் அஜின்கோர்ட் பகுதி முழுக்க அவளுடைய படம் ஒட்டியிருந்தது, இறைச்சிக்கடைக் கண்ணாடி உட்பட. மெடல் யாருக்கு என்று றிச்சர்ட் அண்ணை கேட்டார். கணக்குச் சொன்னதைச் சொன்னேன். ஜப்பான், கொரியா, அமெரிக்கா. சுபாங்கி நாலாவது.

அந்தக் கூட்டத்துக்குள் நாலாவது வருவது லேசில்லை. அது ஒருவருக்கும் விளங்கவில்லை. பொறாமை எரிச்சலில் சொல்கிறாள் என்று வானொலிக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார்கள். சின்னம்மா எனக்கே எடுத்தார்.

"உன்ர படிப்பு உனக்கொரு வேலை எடுத்துத் தரேல்லை. என்ர பிள்ளைக்கு மெடல் இல்லையெண்டு சொல்லத்தான் உதவுதோ?"

 போட்டி சொல்லட்டும் என்று இருந்தேன்.

பிறகு ஒருநாள் சுபாங்கியைப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். சித்தப்பாவுக்கு வேலை என்றால் நான்தான் கார் ஓட்டுவது. அன்றைக்கு அவள் மூன்றரைச் சுற்றுத் தாவல் ஒன்று செய்தாள். சுத்தமாக இறங்கினாள். திரும்பவும் செய்தாள். என் கணக்கில் அந்தத் தாவல் இல்லை. ஒருவருக்கும் சொல்லாமல் பழகியிருக்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைக் கண்டு கை காட்டினாள். நானும் காட்டினேன்.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். அவள் மேல் எனக்கு எரிச்சல் இல்லை. அவள் நல்ல பிள்ளை. ஆனால் அவள் மெடல் எடுத்தால், துவாரகா கணக்கில் பிழைவிட்டாள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். எரிச்சலில் பொய் சொன்னாள் என்பார்கள். சாமத்தியவீட்டிலும் சொல்வார்கள், செத்தவீட்டிலும் சொல்வார்கள். என்னிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

போட்டி இரண்டு நாள்; இரண்டு ஆட்டப் புள்ளிகளையும் கூட்டித்தான் மெடல். முதல் நாள் ஆட்டத்தில் அவள் மூன்றாவதாக வந்தாள். அன்று பின்னேரம் சின்னம்மா வீட்டில் ஆயுத பூசை. சுபாங்கி தன் ஸ்கேற்ஸை யாரையும் தொட விடமாட்டாள். பிளேட் என்கிற அடிக்கத்தியைச் சப்பாத்தோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை ஒவ்வொரு நாளும் தானே இறுக்கிப் பார்ப்பாள். ஆனால் சின்னம்மா அவற்றை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அவளுடைய ஸ்க்ரூ டிரைவரும் பக்கத்தில். சப்பாத்தைச் சாமியறைக்குள் வைக்கிறதோ என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

"கத்தி பூட்டியிருக்கெல்லோ. அப்ப அது ஆயுதம்," என்றார் சின்னம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தை வைக்கப்போறாய்? பெட்டி ஒட்டுற ரேப்பையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சுபாங்கி மட்டும் சிரிக்கவில்லை.

பூசையில் வைத்ததை விஜயதசமிக் காலை வரை யாரும் தொடக்கூடாது. எல்லோரும் பேஸ்மெண்டில் அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மேலே போனேன். கை கழுவிவிட்டுத்தான் தொட்டேன். வலது சப்பாத்தில், குதிக்கால் பக்கத்து ஸ்க்ரூக்களைத் தளர்த்தினேன். கழற்றவில்லை. பொட்டு அழியாமல் பழையபடி வைத்துவிட்டு, கீழே வந்து அவல் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆயுதங்களை எடுக்கிற பூசை இழுபட்டதில் அவளுடைய காலைப் பயிற்சி தவறிவிட்டது. நேரே போட்டிக்குத்தான் போனோம். நான் கார் ஓட்டினேன். சுபாங்கி ஸ்கேற்ஸை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, நீங்கள் நாலாவது எண்டு சொன்னதில எனக்குக் கோவமில்லை. நீங்கள் ஒனெஸ்ற்றாத்தான் சொன்னனீங்கள்." கொஞ்சத் தூரம் போனபின் கேட்டாள். "ஸ்க்ரூவை ஒருக்காப் பாக்கட்டோ? நேற்று அம்மா தொட விடேல்லை."

"பூசையில வைச்சு எடுத்ததைச் சந்தேகப்படுறதோ," என்றேன். "அதோட நான் பாத்தனான். இறுக்கமாத்தான் கிடக்கு."

"தாங்ஸ், அக்கா," என்று ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டாள்.

ஆட்டத்துக்கு முந்திய சில நிமிடப் பயிற்சியில் அவள் பெரிய தாவல் எதையும் செய்யவில்லை. ஆட்டத்துக்காகக் கால்களைப் பத்திரப்படுத்தினாள். ஆட்டம் தொடங்கியதும் அந்த மூன்றரைச் சுற்றைத்தான் முதலில் செய்தாள். மேலே போனது வடிவு. இறங்கும்போது பிளேட் குதிக்கால் பக்கத்தில் கழன்றது. முதுகு ஓரச் சுவரில் போய் அடித்தது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டொக்டர் சொன்னபோது, சின்னம்மாவை விழவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

நீங்கள் பிளேட் பூட்டிய கடைக்காரரைத்தான் சந்தேகப்பட்டீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் போன ஞாயிறு றிச்சர்ட் அண்ணை வானொலியில் கதைத்தார். விழாமல் இருந்திருந்தால் சுபாங்கிக்கு மெடல் நிச்சயமாம். துவாரகாவின் சாத்திரம் ஒரு விபத்தால் பலித்ததாம். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதற்காகத்தான் நானாக இங்கே வந்தேன்.

ஓம், தளர்த்தியது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்கு ஜப்பான், கொரியா, அமெரிக்கப் பிள்ளைகள் மூன்று பேரும் தங்கள் வாழ்க்கையிலேயே எடுக்காத புள்ளிகளை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியால் வந்து நான் திரும்பவும் கணக்குப் பார்த்தேன். சுபாங்கி அந்தப் புதுத் தாவலையும் சேர்த்து, ஒரு பிழையும் விடாமல் ஆடியிருந்தாலும் அவர்களை எட்டியிருக்க மாட்டாள். நாலாவதுதான். நான் ஒன்றையும் மாற்றவில்லை, அண்ணை.