ஒளிந்த கட்டியை ஒளிரக் கண்ட மவுறீன் மிஸ்ஸுக்கு

"பொறுங்க டொக்டர், கையெழுத்து வைக்காதீங்க!" என்று கூவியபடி அறிக்கை அறைக்குள் பாய்ந்து வந்தவரே! வாவிக்கரை அணுமருத்துவப் பிரிவில் படமெடுக்கும் விழியே! ஓய்வுபெறும் தங்களை வணங்குகிறோம்.

அன்று அந்தக் கையெழுத்தில் ஓர் உயிர் தொங்கியது. ஏறாவூர் நெசவாளி றுமானாவுக்குத் திடீர்த் திடீரெனத் தலையிடி, வியர்வை, மயக்கம். ஜின் பிடித்திருக்கிறது என்றது வீடு. மனப்பதற்றம் என்றது வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு. இரத்தப் பரிசோதனையோ, எங்கோ ஓர் அரிய கட்டி அட்ரினலினைக் கொட்டுகிறது என்றது. இடம் தெரியாமல் கத்தி வைக்க இயலாது. விட்டால் அடுத்த மயக்கமே கடைசியாகலாம்.

அத்தகைய கட்டியைத் தேடி ஒட்டும் கதிரியக்க மருந்தை ஏற்றிப் படமெடுத்தோம். கழுத்து, நெஞ்சு, சிறுநீரக மேற்புறம்: எங்கும் இல்லை. "கட்டி இல்லை" என எழுதி வைத்தியர் யோகராசா பேனாவை ஊன்றிய வேளை, வெளியே றுமானா மறுபடி சுருண்டு விழுந்தார். தாங்கள் ஓடி வந்தீர்கள்.

"படத்தில இல்லாததையா மிஸ் நான் எழுதுற?"

"இருக்கு டொக்டர், நாமதான் பாக்கல்ல. ஆம்பிளையள் எல்லாரும் வெளிய போங்க. நீங்களும்தான்!"

றுமானாவை உள்ளே தூக்கி வந்ததும் கதவு அடைபட்டது. நடந்ததை உடனிருந்த தாதி ஜெமீலா பின்னர் சொன்னார்.

"மகள், மயக்கம் எந்த நேரம் வாற?"

"சொன்னா வெக்கத்திலயே மவுத்தாப் போயிருவன் மிஸ்."

"சொல்லாட்டித்தான் மவுத்து, உசிரே போயிரும். சொல்லு புள்ள!"

காதோடு பதில் வந்தது. தாங்கள் மீண்டும் படமெடுத்தீர்கள். வைத்தியர் பார்த்தார், அறிக்கையைக் கிழித்தார். சத்திரசிகிச்சை முடிந்து றுமானா தறிக்குத் திரும்பினார்.

கேட்கத் தயங்காத நாவே, கண்டதோடு அமையாத கண்ணே! நோயின்றி நீடு வாழ்க. இனியாவது தேநீரைச் சூடு ஆறுமுன் குடிக்க!

கட்டி இருந்த இடத்தை எவருக்கும் சொல்லவேண்டாம் என்று றுமானா கேட்டதால் இதுவரை வாய் பூட்டியிருந்தோம். இன்று முன்வரிசையில் இருக்கும் அவரே, "மேடையிலயே வாசிங்க, வெக்கத்தால இன்னொருத்தி சாகக்கூடா" என்றார். வாசிக்கிறோம்:

அவர் மயங்கியது சிறுநீர் கழித்த வேளைகளில் மட்டுமே. மருந்து சிறுநீரோடு வெளியேறுவதால் எல்லோருக்கும் சிறுநீர்ப்பை ஒளிரும் என்று நாம் கடந்துபோனோம். தாங்கள் பையை வெறுமையாக்கிவிட்டுப் படமெடுத்தீர்கள். ஒளி அணையவில்லை. பை சுருங்கும்போதெல்லாம் நசுங்கி அட்ரினலினைக் கொட்டிய கட்டி, பையின் சுவரிலேயே இருந்தது.

இவண்,
அணுமருத்துவப் பிரிவு ஊழியர்கள்,
மட்டக்களப்பு